கைப்பிடிச் சூடு

வளைவில் ரோடு இடிந்து விழுந்த பிறகு மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த காயில்காரரின் உயிர் ஸ்கூட்டரின் தலையில் வந்து விடிந்தது.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வேன் வந்துகொண்டிருந்தது. வாரத்தில் மூன்று விடியல் வாசலில் ஹாரன் சத்தம் கேட்கும். கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போவார். இடது கையில் இரண்டு ஊசியைக் குத்தி, உடம்பு ரத்தத்தையெல்லாம் மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, மதியத்துக்கு மேல் பிழிந்துபோட்ட துணி மாதிரி கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டன. மெஷின் ஓடினால் அவர் ஓடுவார்.

மழைக்காலத்தின் கடைசியில் மலைச்சரிவோடு பாதி ரோடு பெயர்ந்து பள்ளத்தில் போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில் இரும்புக் குழாய்களை நட்டு, இருசக்கர வண்டி மட்டும் போகலாம் என்று பலகை வைத்தார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி இருந்தது. அதில் ஒரு தடவை கூட்டிப்போனதில் வழி நெடுக வாந்தி எடுத்து, படுக்கையில் ஏற்றும்போது ஆள் பாதிதான் இருந்தார். அதற்கப்புறம் அவருடைய மனைவி ஸ்கூட்டரை எடுத்தாள்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். குளிரில் ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதைவிட, அவளுடைய கைக்கு முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். கேரட் கழுவும் ஷெட்டில் வேலை. பெரிய இரும்பு உருளைக்குள் கேரட்டைக் கொட்டிச் சுற்றவிட்டால் மண்ணெல்லாம் போய்ச் சிவப்பாகத் தொட்டியில் வந்து விழும். அங்கே நின்று பொம்பளைகள் வேரைக் கிள்ளி, உடைந்ததை ஒதுக்கி, பெருசு சிறுசு பிரிக்க வேண்டும். ஓடையிலிருந்து நேராக வருகிற தண்ணீர், கத்தி மாதிரி இருக்கும். ரப்பர் உறை போட்டாலும் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஈரம் இறங்கிவிடும். வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரில் ஊறி, அவள் விரல்கள் குளிர் பட்டதும் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். அப்போது கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

ஷெட்டிலிருந்து உடைந்த கேரட்டை மூட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டு மூலையில் அது பாட்டுக்குக் கிடக்கும். அவருக்கு ஒரு துண்டு ஆகாது. அதிலிருக்கிற பொட்டாசியம் உப்பு நெஞ்சை நிறுத்திவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். "வீடு நிறைய கேரட்டு, நான் பார்த்துட்டே சாகணும்" என்பார் காயில்காரர். முன்பெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

போன தடவை போகும்போதுதான் விழுந்தார்கள். இறக்கம். மூடுபனி. ரோடு இடிந்த வளைவுக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு மாடு. பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி அவள் மனசு கத்தியது, விரல்கள் அசையவில்லை. கையில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வண்டி மாட்டை உரசிக்கொண்டு போய், ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியில் ஏறிச் சாய்ந்தது. ஜல்லி மட்டும் இல்லையென்றால் இரும்புக் குழாய், அதற்கப்புறம் ஆகாயம். அவளுக்கு முழங்காலில் சதை பிய்ந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே கிடந்த அந்த நிலையில் அவர் எட்டிப் பள்ளத்தைப் பார்த்ததை அவள் பார்த்தாள். அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அன்றைக்கு மெஷின் இல்லை.

அதன் பலன் உடனே தெரிந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது; மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். நர்ஸ் போனில் கத்தினாள்.

"நாளைக்குக் காலையில எப்படியாவது வந்துடுங்க. இதையும் விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

"மதியம் வரலாமா சிஸ்டர்? வெயில் வந்தப்புறம்?"

"மதியம் எல்லா பெட்டும் ஃபுல்லும்மா. நான் யாரைக் கீழ இறக்கிவிடுறது?"

ஷெட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் பஜாருக்குப் போனாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் போய்க் கையுறை கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"காலையில வண்டி ஓட்ட. கை மரத்துப்போகுது. பிரேக் பிடிக்க முடியல."

கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார். விரல் கணுக்களில் வெடிப்பு, நகத்தோரத்தில் நீலம். "உங்களுக்குக் கையுறை பத்தாது. கைக்குள்ள சூடு இருந்தாத்தான் உறை அதைப் பிடிச்சு வெக்கும். உங்க கையில ஏது சூடு?" என்றவர் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இது சூடாகுற கிரிப். ஹேண்டில்ல இருக்கிற ரப்பரைக் கழட்டிட்டு இதை மாட்டணும். உள்ள கம்பி சுத்தியிருக்கு. பேட்டரியில இருந்து கரண்ட் வந்தா கொதிக்கும். மெக்கானிக்கிட்ட குடுங்க, போட்டுத் தருவார்."

மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போய்விட்டாராம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூடின ஷட்டருக்கு முன்னால் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் திரும்பவும் கடைக்காரரிடம் போனாள்.

"வீட்டுலயே போட முடியுமா?"

"உங்க வீட்டுக்காரர் காயில்காரர்தானே? மோட்டாருக்கே காயில் கட்டுற மனுஷன். அவருக்கு இது ஜுஜுபி. ஒண்ணே ஒண்ணு, சாவி போட்டாத்தான் எரியுற மாதிரி லைன் எடுக்கச் சொல்லுங்க. நேரா பேட்டரியில குடுத்து, அணைக்க மறந்தா விடியறதுக்குள்ள பேட்டரி செத்துடும். இந்த மாடலுக்குக் கிக்கரும் கிடையாது."

காயில்காரரால் இப்போது ஸ்க்ரூ டிரைவரை நேராகப் பிடிக்க முடியாது. வலது கை ஆடும். இடது கையில் மெஷினுக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தது. அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது, அழுத்தக்கூடாது. தோலுக்கு அடியில் ரத்தம் 'கிர்ர்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கப் போகுமுன் தினமும் அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். உறுமல் இருந்தால்தான் அந்தக் கை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

முற்றத்தில் வெயில் இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். ஸ்கூட்டரை எதிரில் நிறுத்தினாள். அவருடைய தகரப் பெட்டி நெடுநாளைக்குப் பிறகு திறந்தது. செப்புக் கம்பிச் சுருள், வார்னிஷ் வாசனை.

"நீ போடப்போறியா?" என்றார்.

"நீங்க சொல்லுங்க. நான் போடறேன்."

"இருபது வருஷமா பல்பு மாத்தச் சொன்னாக்கூட ஷாக் அடிக்கும்னு ஓடுவே."

"இப்ப ஓடறதுக்கு இடமில்ல. சொல்லுங்க."

பிளேடால் பழைய ரப்பரை நீளவாக்கில் கீறி உரித்தாள். உள்ளே இரும்பு துருப்பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். புது கிரிப் இரண்டில் ஒன்றின் துளை பெரியது, இன்னொன்று சிறியது. அவள் பெரியதை இடது பக்கம் சொருகப் போக, அவர் "ஏய் ஏய்" என்றார்.

"பெருசு வலது பக்கம். அங்கதான் ஆக்சிலேட்டர் குழாய் இருக்கு. இரும்புக்கு மேல பிளாஸ்டிக் இருக்கில்ல, அதனால தடிமன் ஜாஸ்தி. இடது பக்கம் வெறும் இரும்பு."

"பெட்டி மேல எழுதியிருக்கலாம்ல."

"எழுதியிருக்கும். சீன பாஷையில."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது; வந்த வேகத்தில் இருமலாக மாறி, மூச்சு வாங்கி, தண்ணீர் கேட்டார். ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டாள். அவருக்கு அவ்வளவுதான் அனுமதி. கண்ணை மூடிக்கொண்டு அதை உறிஞ்சினார்.

பசை தடவிச் சொருகிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது பக்க ஒயரை ஆக்சிலேட்டர் முழுக்கத் திருகினாலும் இழுக்காத மாதிரி தளர விடச் சொன்னார். "இழுத்துக் கட்டினா திருகினது திரும்பி வராது. வண்டி பறந்துடும்." முன் மூடியின் திருகுகளைக் கழற்றினாள். உள்ளே ஒயர்கள் குடல் மாதிரி கிடந்தன. 

"கடைக்காரர் சாவி லைன்ல எடுக்கச் சொன்னார். சாவி போட்டாத்தான் எரியணுமாம்."

 அவர் அந்த ஒயர்க் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றார் கடைசியில். "அது மெல்லிசு ஒயர், தாங்காது. நேரா பேட்டரிக்கே குடு."

"அணைக்க மறந்தா?"

"மறக்காம அணைச்சிடு. ஸ்விட்ச்தான் இருக்கே."

தொழில்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கால் வைக்கிற பலகைக்கு அடியில் ஒயரை இழுத்துக்கொண்டு போய், ஃப்யூஸைச் சேர்த்து, பேட்டரியின் சிவப்பில் சிவப்பும் கறுப்பில் கறுப்புமாக முடுக்கினாள். எழுந்து நின்றபோது முழங்கால் காயம் திரும்பவும் கசிந்திருந்தது. வெயிலும் போய்விட்டது. மலைமேலிருந்து குளிர் இறங்கி வந்துகொண்டிருந்தது.

ஸ்விட்சை அழுத்தினாள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு கையாலும் கிரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது.

"என்னங்க! சுடுது! தொட்டுப் பாருங்களேன்!"

அவர் எழுந்து வந்து அவள் கைமேல் கையை வைத்தார். அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

அன்று மாலை ஹாஸ்டலில் இருந்து மகள் போன் செய்தபோது அதே பெருமைதான். "நானே போட்டேன்டி. உங்கப்பா சும்மா உக்காந்து அதிகாரம்தான் பண்ணார்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். போனை அவரிடம் கொடுத்தாள். அவர் "நல்லாப் படி" என்றார். அப்புறம், "அம்மா சொல்ற பேச்சைக் கேளு" என்றார். அதில் என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. மூட்டையிலிருந்து நாலு கேரட்டை எடுத்துக்கொண்டு போய்த் தனக்கு வேகவைத்துக்கொண்டாள்.

விடியலில் அவள் கதவைத் திறந்தபோது முற்றம் முழுக்க வெள்ளையாக இருந்தது. வாசல் விளக்கு வெளிச்சத்தில் புல், கல், துணிக்கொடி எல்லாவற்றின் மேலும் உறைபனி. ஸ்கூட்டரின் சீட்டில் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி படிந்திருந்தது. கண்ணாடி இரண்டும் வெள்ளை. முன் மூடி வெள்ளை.

சாவியைப் போட்டாள். மீட்டரில் வெளிச்சம் வரவில்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள். 'டிக்' என்று கூடச் சத்தமில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். தப்பாக எதையாவது முடுக்கிவிட்டோமோ? என் கையால் போட்டேனே, என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று நினைத்தபடி ஹேண்டிலைப் பிடித்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். வண்டி முழுக்கப் பனி. கிரிப் இரண்டில் மட்டும் பனி இல்லை. கறுப்பாக, காய்ந்து, துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

தூங்கப் போகுமுன் அவள் அணைத்திருந்தாள். சிவப்பு விளக்கு அணைந்ததைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். இப்போது ஸ்விட்ச் அமுங்கியிருந்தது.

உள்ளே அவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தலையணைகளில் சாய்ந்திருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வந்து நின்றதும் சுவர்ப் பக்கம் பார்த்தார்.

"நான் தூங்கினப்புறம் எந்திரிச்சு வெளிய போனீங்களா?"

"போனேன்."

"எதுக்கு?"

"ஒண்ணுக்கு."

"உங்களுக்கு ஏது ஒண்ணுக்கு?" என்றாள். "அது நின்னு எவ்வளவு நாளாச்சு. பொய் சொல்றதையாவது ஒழுங்காச் சொல்லக் கூடாதா?"

அவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நீங்கதான் ஸ்விட்சைப் போட்டீங்க."

"ஆமா."

"பேட்டரி சாகட்டும்னு."

"ஆமா."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.  "ஒயர் போடும்போதே நினைச்சிட்டீங்களா? நான் குனிஞ்சு அங்க முடுக்கிட்டு இருக்கும்போதே?"

"நீ சாவி லைன்னு சொன்னே பாரு, அப்பத்தான் மனசுல விழுந்துச்சு. அதுக்கப்புறமும் வேண்டாம்னுதான் இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ சிரிச்சே. கிரிப்பைப் பிடிச்சிட்டு, ஏதோ கிடைக்காதது கிடைச்ச மாதிரி. என்னால தாங்க முடியல. ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில சந்தோஷம் இதுதானா? புருஷனைச் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஏத்தி இறக்க, கை சுடணும்னு..."

"அதுக்கு?"

"இன்னைக்கு ஒரு நாள் போகலன்னா போதும். தானா முடிஞ்சிடும். வலியிருக்காதுன்னு சொல்றாங்க. தூக்கம் வருமாம்."

"யாரு சொன்னா? செத்தவன் வந்து சொன்னானா?"

"அன்னைக்குக் குழாயைத் தாண்டி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நான் எப்படியும் போறவன். நீயும் போயிருந்தா அந்தப் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து யார் வீட்டுக்கு வரும்? அதுக்கு ஒருத்தராவது வேணும்ல. நான் கணக்குப் போட்டுத்தான் பண்ணேன்."

"நல்ல கணக்கு." அவள் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். "என் கையாலயே ஒயர் போட வெச்சு, என் கையாலயே உங்களைக் கொல்ல வெச்சீங்க. வாழ்நாள் பூரா நான் என்ன நினைச்சிட்டு இருப்பேன்? நான் சரியா முடுக்கல, அதான் வண்டி ஸ்டார்ட் ஆகல, அதான் என் புருஷன் செத்துட்டார்னு நினைப்பேன். அதைக் கணக்குல சேத்தீங்களா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அதைச் சேர்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"விட்டுடு" என்றார் மெதுவாக. "எனக்கு முடியல. நெஜமாவே முடியல."

அவள் திரும்பி நடந்தாள். முன்னறையில் கரண்ட் போனால் விளக்கு எரிவதற்காக வைத்திருந்த இன்வெர்ட்டர் ஒரு சக்கரப் பலகைமேல் நின்றது. அதன் பெரிய பேட்டரியை அவள் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறாள். பின்னாலிருந்த ஒயர்களைக் கழற்றி வீசினாள். பலகையைப் பிடித்து இழுத்தாள். அது நகர மறுத்தது. பின்பக்கம் போய் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். முழங்காலில் ரத்தம் வழிந்து பாவாடை ஒட்டிக்கொண்டது. சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே வாசற்படிவரை வந்து நின்றது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து படியோடு ஒட்டி நிறுத்தினாள். தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, முனையில் இடுக்கி வைத்த தடித்த ஒயர்கள் இரண்டை எடுத்தாள். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அவர் மோட்டார்களைச் சோதிக்க வைத்திருந்தவை.

"என்ன பண்றே?" என்றார் உள்ளேயிருந்து.

"அந்தப் பேட்டரியில இருந்து இந்தப் பேட்டரிக்குக் குடுக்கப்போறேன்."

"உனக்குத் தெரியாது."

"தெரிஞ்சவர்தான் படுத்திருக்காரே."

வண்டியின் பலகையைத் திறந்தாள். விரல்கள் அதற்குள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. இன்வெர்ட்டர் பேட்டரியில் சிவப்பு இடுக்கியை மாட்டினாள். அடுத்து கறுப்பையும் அதிலேயே மாட்டினாள். மறுமுனை இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மரத்துப்போன விரல்களுக்குள் அந்த இரண்டு இரும்பு வாயும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை.

'பட்' என்று நீலமாக ஒரு பொறி பறந்தது.

"ஏய்!" காயில்காரர் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார். எப்படி இறங்கினார், எப்படி வாசலுக்கு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கையைப் பிரி! தள்ளிப் பிடி! ரெண்டும் தொட்டா பேட்டரி வெடிச்சிடும். மூஞ்சியில ஆசிட் அடிக்கும். கண்ணு போயிடும்டி!"

 அவள் கைக்கு ஒன்றாக முனைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"போகட்டும்" என்றாள்.

"கறுப்பைக் கழட்டு. அந்தப் பேட்டரியில இருந்து கழட்டிடு முதல்ல."

கழற்றினாள்.

"இப்ப சிவப்பை வண்டிச் சிவப்புல மாட்டு. அசையாம மாட்டு. ம். இப்ப கறுப்பை... இரு. இரு, நான் வர்றேன்."

படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பனியில் வெறுங்காலோடு நின்று, ஆடுகிற வலது கையால் கறுப்பு இடுக்கியை வாங்கினார். கை ஆடிக்கொண்டே போய், தொடவேண்டிய இடத்தைத் தொட்டது.

"கிரிப் ஸ்விட்சை அணைச்சிட்டு ஸ்டார்ட் பண்ணு."

மீட்டரில் வெளிச்சம் வந்தது. முதலில் முனகியது. இரண்டாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது.  அவர் இடுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தார்.

"வழியில எஞ்சினை அணைச்சிடாதே" என்றார். "கிரிப்பையும் போடாதே. பேட்டரியில ஒண்ணுமில்ல. போட்டா வண்டி நின்னுடும்."

அப்படியாக அந்தக் காலையில் வெறும் குளிர்ந்த கிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மலை இறங்கினாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் பின்னாலிருந்து தோளைத் தட்டுவார். "நிறுத்து. கையைக் குடு." வண்டியை உறுமவிட்டபடியே காலை ஊன்றி நிறுத்திவிட்டு, கைகளைப் பின்னால் கொடுப்பாள். கம்பளிக்குள் தன் அக்குளில் வைத்து அமுக்கிக்கொள்வார். விரல் மடங்கினதும் புறப்படுவார்கள். ரோடு இடிந்த இடத்தில் இரும்புக் குழாய்களை ஒட்டி நடை வேகத்தில் போனாள். அவர் பள்ளத்தைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியாது. அவள் ரோட்டை மட்டும்தான் பார்த்தாள்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. அவருடைய படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸ் காச்மூச்சென்று கத்தினாள். அவர் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு ஆக்சிஜனை மாட்டினாள். ஓரமாக ஒரு பழைய மெஷின் கிடந்தது. அதைத் தட்டிக் கொட்டி ஓடவிட்டார்கள். ரத்தம் குழாயில் ஏறத் தொடங்கினதும் அவள் வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழலாம் என்று பார்த்தாள். வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்க்கிறவருக்குக் காயில்காரரைத் தெரியும். பேட்டரி இறங்கிவிட்டது என்று சொன்னதும் கழற்றிக்கொண்டு போய்ச் சார்ஜில் போட்டார். மதியத்துக்கு மேல் கொண்டுவந்து மாட்டும்போது, "யாரு இதை நேரா பேட்டரியில குடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"சாவி லைன்ல எடுக்கணும்மா. விடுங்க, நான் மாத்தித் தர்றேன்."

"டெஸ்டரை மட்டும் குடுங்க. நானே மாத்திக்கிறேன்."

சாவியைப் போட்டால் டெஸ்டர் எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தாள். ஹாரனுக்குப் போகிற ஒயர் அப்படி எரிந்து அணைந்தது. தோலைச் சீவி, பேட்டரியிலிருந்து பிரித்த சிவப்பைச் சேர்த்து முறுக்கினாள்.

உள்ளே போனபோது அவர் விழித்திருந்தார். முகத்தின் வீக்கம் வடிந்து, கன்னம் ஒட்டி, பழைய ஆள் தெரிந்தார்.

"எங்க போயிட்டே?"

"வண்டிகிட்ட. சாவி லைனுக்கு மாத்திட்டேன்."

"எந்த ஒயர்ல?"

"ஹாரன்ல."

யோசித்தார். "தாங்கும்" என்றார். நேற்றுத் தாங்காது என்று சொன்ன வாயா இது என்று அவள் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு சத்தியம் கேக்காதே."

"கேக்கல."

"ஏன்?"

"பொய்ச் சத்தியத்தை வாங்கி நான் எங்க வெக்கிறது? ஆனா ஒண்ணு. முடியலன்னா பகல்ல சொல்லுங்க. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. நான் அழறேன், சண்டை போடறேன், என்னவோ பண்றேன். எனக்குத் தெரியாம என் கையை வெச்சுப் பண்ணாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். அது சரி என்கிற ஆட்டலா, முடியாது என்கிற ஆட்டலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது மலையில் மறுபடியும் மூடுபனி இறங்கிவிட்டது. ஏற்றம் தொடங்கியதுமே விரல்கள் வெளுத்தன. எஞ்சின் கொஞ்சம் ஓடட்டும் என்று காத்திருந்து, பின்னாலிருந்து அவர் "இப்பப் போடு" என்றார். ஸ்விட்சை அழுத்தினாள். சூடு வந்தது. முதலில் உள்ளங்கையில், அப்புறம் விரல்களில். மரத்துக்கிடந்த விரல்களுக்குள் ரத்தம் திரும்பி ஏற ஏற, நகக்கண்ணில் ஊசியை ஏற்றுகிற மாதிரி வலி கிளம்பியது. ஒவ்வொரு விரலாகத் தீப்பிடித்தது. அவளை மீறி வாய்விட்டு அலறிவிட்டாள்.

"என்ன? என்ன ஆச்சு?"

"வலிக்குதுங்க. விரல் வலிக்குது."

"அணைச்சிடட்டுமா?" அவர் கை அவளைச் சுற்றி ஸ்விட்ச் பக்கம் நீண்டது.

"தொடாதீங்க!"

கை அப்படியே நின்றது. அப்புறம் பின்வாங்கி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. இப்போது காலையிலிருந்து வராத அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் குளிர்ந்து வழிய, பிரேக்கின்மேல் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே அவள் வண்டியை ஏற்றினாள். வளைவு தெரிந்தது. அவர் தோளைத் தட்டவில்லை.

"பிடிக்க வருதா?" என்று மட்டும் கேட்டார்.

"வருது" என்றாள்.